ஆவுடைக்கு எத்தனை 'ஏ'?

மயூர் விஹார், தில்லி

அன்புள்ள அக்காவுக்கு,

பிளஸ் டூ போகிற உன் மகள் ஆவுடையை லீவில் சும்மா விடலாமா, தில்லிப் பிள்ளைகள் என்னதான் செய்கின்றன என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாய். அதிலேயே பதில் போட்டால் பாதியில் நீ சாமி படம் அனுப்பிவிடுவாய். அதனால்தான் கடிதம். அத்தானுக்கும் வாசித்துக் காட்டு. "தில்லி என்ன வெளிநாடாடே?" என்பார். விசா கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்று நான் சொன்னதாகச் சொல்.

இங்கே பள்ளிக்கூடத்துக்கு மே 11லிருந்து ஜூன் 30 வரை லீவு. வெயிலுக்காக விடுகிற லீவு. குழாயைத் திறந்தால் டீத்தூள் மட்டும் போட்டால் போதும், அப்படி வருகிறது தண்ணீர். காலையில் குளிக்க ராத்திரியே வாளியில் பிடித்து ஆறவைக்கிறோம். இந்த வெயிலில் வெளியே போகக்கூடாது என்றுதான் அரசாங்கம் லீவு விடுகிறது. பெற்றோர் அதே வெயிலில் பிள்ளையை மெட்ரோவில் ஏற்றி காலு சராய்க்குக் கோச்சிங் அனுப்புகிறார்கள். பக்கத்தில்தான் ஐஐடி. அந்தக் காற்று பட்டால் நல்லது என்று நினைப்பார்கள்போல.

இது போக ஹாலிடே ஹோம்வொர்க். தெர்மோகோலில் பாராளுமன்றம் கட்டு, அட்டையில் நுரையீரல் செய் என்று பட்டியல் வரும். காசு கொடுத்தால் செய்து தர ஆள் இருக்கிறது. எங்கள் மாடிக்காரர் மகளுக்கு வாங்கிய நுரையீரல் போன வருஷமே யாருக்கோ மார்க் வாங்கித் தந்தது, டீச்சர் கையெழுத்து பின்பக்கம் இருந்தது.

ஆவுடை விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கு தில்லி பல்கலைக்கழகத்தில் எகனாமிக்ஸ் ஆனர்ஸ் ஆசை என்று எழுதியிருந்தாய். பிளஸ் டூ மார்க்கை வைத்து சீட் தந்த காலம் போய்விட்டது. 2021ல் ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரியில் பி.காம் ஆனர்ஸுக்கு முதல் கட்-ஆஃபே 100 சதவீதம். ஒரு மார்க் குறைந்த பிள்ளையின் வீட்டில் துக்கம் விசாரித்தார்கள். மறு வருஷம் க்யூட் என்ற நுழைவுத்தேர்வு வந்தது. நம் ஊரில் இன்ஜினியரிங் நுழைவுத்தேர்வை எடுத்து எத்தனை வருஷம் ஆகிறது, இவர்கள் அப்போதுதான் கொண்டுவந்தார்கள். 2025லிருந்து ஒரு தாளுக்கு 60 நிமிஷம், 50 கேள்வி. சரியென்றால் 5, தப்பென்றால் 1 கழியும். ஆக 250. இவர்கள் எடுப்பது நான்கு தாள், மொத்தம் 1000. எகனாமிக்ஸுக்குக் கணக்கு எழுதியே ஆக வேண்டும். தில்லி பல்கலைக்கழகத்துக்கு, பிளஸ் டூவில் படிக்கிற பாடத்தைத்தான் இதிலும் எழுத வேண்டும். மொழித் தாளுக்குத் தமிழ் இருக்கிறது. அதில் அவள் நம் அப்பா பேத்தி, கவலை வேண்டாம்.

கவலை வேறு இடத்தில். 2022ல் இவர்கள் போட்ட விதியை உட்கார்ந்து வாசித்தேன். ரெண்டு பேருக்கு ஒரே மார்க் வந்தால் யாருக்கு சீட்? பிளஸ் டூவில் நல்ல மூன்று பாடத்தின் மார்க்கைப் பார்ப்பார்களாம். அதுவும் சமமென்றால் நான்கு பாடம், பிறகு ஐந்து. அதிலும் சமமென்றால் வயதில் மூத்தவருக்கு. பிறந்த தேதியும் ஒன்றென்றால்? பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரின் அகரவரிசைப்படி.

அக்கா, அன்றைக்கு எனக்குத் தூக்கமே இல்லை. உமா பார்த்துப் பார்த்து எங்கள் மகனுக்கு யுகன் என்று பேர் வைத்தாள். இங்கிலீஷ் வரிசையில் 'ஒய்'. அவனுக்குப் பின்னால் நிற்க ஜாகிர் மாதிரி நாலு பேர்தான் தேறுவார்கள். அப்பா அன்றைக்குச் சங்கரன்கோவில் அம்மன் பேர்தான் வைக்க வேண்டும் என்று நின்றபோது நீ மூன்று நாள் பேசாமல் இருந்தாயே, இப்போது பார், ஆவுடை முதல் எழுத்திலேயே நிற்கிறாள். ஆனால் தில்லிக்காரன் இதிலும் முந்திவிட்டான். எங்கள் பூங்காவில் ஆரவ், ஆத்யா, ஆரோஹி, ஆன்யா என்று எல்லாப் பிள்ளையும் ரெட்டை 'ஏ'. விதி வருவதற்குப் பத்துப் பதினைந்து வருஷம் முன்பே வைத்த பேர்கள்! யார் சொன்னார்கள் இவர்களுக்கு?

அதனால் உடனே பீரோவைத் திற. ஆவுடையின் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒற்றை 'ஏ'யா, ரெட்டை 'ஏ'யா? இனிஷியல் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா? அத்தான் பேர் வேலாயுதம். 'வி' முன்னால் நின்றால் அம்மன் தயவெல்லாம் வீண். "மார்க்கும் ஒன்று, பிறந்த நாளும் ஒன்று, அப்படி ஒரு ஆள் வந்தால் அவனுக்கு நம்ம ஆவுடையைக் கட்டியே கொடுத்துடலாம்" என்கிறாள் உமா. விதியை முழுசாக வாசிக்காதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

யுகனுக்கோ அமெரிக்கா மோகம். தெற்கு தில்லியில் ஒரு ஆலோசகரிடம் கூட்டிப்போனேன். குளிர்சாதன அறை, கண்ணாடி மேஜை, சர்க்கரை இல்லாத காபி. ஃபீஸ் சொன்னார், சர்க்கரை இல்லாதது தெரியவில்லை. அங்கே காமன் ஆப் என்று ஒரே விண்ணப்பம், ஹார்வர்டு உட்பட ஆயிரம் கல்லூரிக்கு மேல் அதை ஏற்கிறார்களாம். அதில் படிப்பு தவிர என்ன செய்தாய் என்று பத்துக் கட்டம். ஒவ்வொன்றிலும் 150 எழுத்துக்குள் சொல்ல வேண்டும். "கோடை விடுமுறையில் தம்பி என்ன செய்தான்?" என்றார். மாம்பழம் தின்றான் என்று சொல்ல வாய் வந்தது. குடும்பப் பொறுப்புகள் என்றே அதில் ஒரு தலைப்பு இருக்கிறது, அக்கா! அப்படிப் பார்த்தால் நம் தெருவில் தண்ணீர்க் குடம் தூக்கிய பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஹார்வர்டில் இடம் தந்திருக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது ஷாலிமார் பாக்கில் ஒரு குமாஸ்தா வேலை. அதையும் ரொம்ப வருஷம் அப்பா ஊரில் 'சென்ட்ரல் கவர்ன்மென்ட்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

பேச்சுவாக்கில், லீவில் பையன் தென்காசிக்குப் பாட்டி வீட்டுக்குப் போவான் என்றேன். மனுஷர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "தென்னிந்தியக் கிராமமா? பிரமாதம்!" என்றார். 2019லேயே மாவட்டத் தலைநகர் ஆகிவிட்டது, கலெக்டர் இருக்கிறார் என்று சொன்னேன். காதில் வாங்கவில்லை. "பாட்டியின் வாய்மொழி வரலாற்றை ஆவணப்படுத்தினான்" என்று அவரே கட்டத்தில் தட்டி, எழுத்தை எண்ணியும் பார்த்தார். ஜூனில் சாரல் விழும், ஐந்தருவியில் தலையைக் கொடுத்துக் கிடக்கலாம் என்று நான் ஆசை ஆசையாய் நினைத்த லீவு, அதைக் 'களப்பணி' என்று எழுதிவிட்டார். எனக்குத்தான் லீவு கிடைக்கவில்லை. பையன் போய் நனையட்டும்.

ஆகவே ரெண்டு வேலை உனக்கு. அம்மாவிடம் சொல்லி வை, அவன் போனை நீட்டி வரலாறு கேட்டால் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவர்ச் சண்டையைத் தொடங்க வேண்டாம். அது பதிவாகி அமெரிக்கா போய்விடும். ரெண்டாவது, பையனை ஒரு பத்து நாள் அத்தானின் பாத்திரக் கடையில் உட்கார வை. ஆவுடையும் கூட உட்காரட்டும், கழிவு போக விலை போடுவதைவிட என்ன எகனாமிக்ஸ் இருக்கிறது? முடிந்ததும் 'சிறுதொழில் நிர்வாகப் பயிற்சி' என்று லெட்டர்பேடில் அத்தான் ஒரு சான்று எழுதித் தரட்டும். அந்த லெட்டர்பேடில் இன்னும் திருநெல்வேலி மாவட்டம் என்றுதான் இருக்கும். பேனாவால் அடித்துத் திருத்த வேண்டாம், புதிதாக நூறு தாள் அச்சடிக்கச் சொல். செலவை நான் தாரேன்.

அன்புடன்,
தம்பி