தாளாளர் நாற்காலிக்கு ஸ்தோத்திரம்

1841 முதல் 1872 வரை லண்டனில் உட்கார்ந்து சர்ச் மிஷனரி சொசைட்டி என்ற சி.எம்.எஸ். மிஷனை நடத்திய ஹென்றி வென் பாதிரியாருக்கு ஓர் ஆசை. சபை தன்னைத் தானே ஆளணும், தன் செலவைத் தானே பார்க்கணும், சுவிசேஷத்தைத் தானே சொல்லணும்; வெள்ளைக்காரர் மூட்டை கட்டணும். பலித்துவிட்டது. தென் மாவட்டங்களுக்கு வந்து பார்க்கத்தான் அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

செலவுக்குக் குறைவில்லை. பீடி சுற்றும் பாட்டி உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று கலயத்தில் போடுகிறாள். அதற்குமேல் ஞாயிறு காணிக்கை, சங்கக் காணிக்கை. ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் ஒரே வாழைத்தாரை எடுத்தவர் கோயிலுக்கே திருப்பிக் கொடுக்க, மறுபடி ஏலம் போகிறது. வசூலில் பங்கு திருமண்டலத்துக்கு, அதாவது டயோசீசுக்கு, ஏறுகிறது. அதற்குமேல் எங்கே போகிறதென்று கேட்பது விசுவாசக் குறைவு.

ஆளுகிற அழகே தனி. சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபையில் போப்பு கிடையாது. சபை, சேகரம், திருமண்டலம், சினாடு என்று கீழிருந்து மேல்வரை எல்லாம் தேர்தல். ஓட்டுப் போடச் சங்கக் காணிக்கை கட்டியிருக்கணும். வருஷம் முழுக்கக் கோயில் திசையே தெரியாதவருடைய பாக்கி, தேர்தல் வருஷத்தில் தானாகத் தீர்ந்துபோகும். கட்டுகிறது அவரில்லை, தேர்தலில் நிற்கும் அணியின் தலைவர். பிறகு வேன், லாட்ஜ், பிரியாணி. ஆண்டவர் ஐயாயிரம் பேரைப் போஷித்தபோது யாரிடமும் ஓட்டுக் கேட்கவில்லை, விவரம் போதாது.

இத்தனை மல்லுக்கட்டு பரலோகத்துக்கா? திருமண்டலப் பள்ளிக்கூடத் தாளாளர் நாற்காலிக்கு! அரசு உதவி பெறும் பள்ளியில் வாத்தியாருக்குச் சம்பளம் அரசாங்கப் பணம்; ஆளைப் பொறுக்குவது நிர்வாகம். பி.எட். முடித்த பிள்ளையின் தகப்பனைக் கேட்டுப் பாருங்கள், ரேட்டைச் சொல்வார். அந்தக் காசுக்கு ரசீது கிடையாது, ஜெபம் உண்டு.

சபை நிலமோ, 1947-லேயே கம்பெனிச் சட்டத்தில் பதிவான சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பேரில். பாட்டன் எழுதிக்கொடுத்த இடத்தை விற்கிறார்களா என்று கேட்கக்கூட ஊர்ச் சபைக்கு வாய் இல்லை. பெருக்கித் துடைக்கும் அதிகாரம் மட்டும் பரவலாக்கப்பட்டிருக்கிறது.

பிறகென்ன, கோர்ட்டு. ஆயர்களின் ஓய்வு வயதை 67-லிருந்து 70 ஆக்கும் திருத்தம் வழக்கானது. 2024-ல் சினாடு நிர்வாகத்தையே பார்க்கச் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நியமித்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம். சகோதரன்மேல் சகோதரன் வழக்காடுவதைக் கொரிந்தியரிடம் கண்டித்த பவுல் இன்று வந்தால், அவர் கையிலும் ஒரு வக்காலத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். தன்னைத் தானே ஆளவேண்டிய சபையை ஆள நீதிபதி வேண்டியிருந்ததே, வெட்கமாயில்லையா ஐயா?

வக்கீல் பீஸ் யார் வீட்டுக் காசு? அடுத்த சபைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். தணிக்கை அறிக்கையைக் கோயில் வாசலில் ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டும்வரை எந்த அணிக்கும் ஓட்டில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.