தலைவன்–நாகரிகப் பொருத்தவியல்: வட்டவடைப் பாடத்தை முன்வைத்து

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், தலைவனுக்கும் தலைவிக்கும் அமையவேண்டிய ஒப்புகளைப் பிறப்பு, குடிமை, ஆண்மை, ஆண்டு எனத் தொடங்கிப் பத்தென எண்ணிக் காட்டுகிறது. சோதிட நூலாரும் மணப்பொருத்தம் பத்தென்றே கொள்வர். தலைவனுக்கும் நாகரிகத்துக்கும் பார்க்கவேண்டிய பொருத்தம் யாது என்பது மட்டும் இதுகாறும் முறைப்படி ஆராயப்படவில்லை. தொல்காப்பியத்தில் அணுவியலையும் கணிப்பொறியியலையும் கண்டெடுக்கும் பணியில் ஆய்வுலகம் ஓய்வொழிச்சலின்றி ஈடுபட்டிருந்தமையால் இக்குறை நேர்ந்தது எனலாம்.

ஈண்டு நாகரிகம் என்றது, 1991-இல் சிட் மையர் பெயரோடு வெளிவந்து பல பதிப்புகள் கண்ட ‘சிவிலைசேஷன்’ என்னும் கணினி விளையாட்டில் ஆட்டக்காரர் ஆளும் நாட்டினத்தை. அதன் நான்காம் பதிப்புக்கு 2007-இல் வந்த ‘பியாண்ட் த ஸ்வார்ட்’ என்னும் விரிவில் 34 நாகரிகங்களும் 52 தலைவர்களும் உளர். பதினொரு குணங்களுள் இரண்டு ஒவ்வொரு தலைவர்க்கும் உண்டு. தனக்கே உரிய ஒரு படையாளும், ஒரு கட்டடமும், தொடக்கத்திலேயே கைவந்த இரு கலைகளும் ஒவ்வொரு நாகரிகத்துக்கும் உண்டு. எந்தத் தலைவரையும் எந்த நாட்டுக்கும் அமர்த்தலாம் என்னும் விதியைத் தெரிவுசெய்தால் 1,768 இணைகள் பிறக்கும். அவற்றுள் சொந்த வீட்டிலேயே தங்கிய 52 போக எஞ்சிய 1,716-உம் கலப்பு மணங்களே. ஒவ்வோர் இணைக்கும் பத்துப் பொருத்தமும் பார்க்க 17,680 முடிபுகள் வேண்டும். இது ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதும். முதலாமவர் நெடுக்காக வரைந்த அட்டவணையை இரண்டாமவர் குறுக்காக வரைந்துகொள்வாராயின் இரண்டு பட்டத்துக்கும் போதும்.

குணங்களுள் நிதிக்குணம் என்பது ஏற்கெனவே இரண்டு வணிகப்புள்ளியேனும் தரும் நிலத்துக்கு மட்டும் மேலும் ஒன்றைக் கூட்டித் தருவது. பத்திரம் வைத்திருப்பவனுக்கே கடன் கொடுக்கும் வங்கி மரபை அடியொற்றியது. ஆன்மிகக்குணம் ஆட்சிமுறையை மாற்றும்போது நேரும் அரசின்மைக் குழப்பத்தைப் போக்குவது. காப்புக்குணம் பற்றிக் கூற ஒன்றுமில்லை.

இந்தியாவுக்கு அசோகர், காந்தி என இருவர்; இருவரும் ஆன்மிகக்குணம் உடையோர். இந்நாட்டின் சிறப்புப் படையாள் உண்மையில் படையாள் அல்லன், மற்ற நாட்டுத் தொழிலாளி இரண்டு கட்டம் நடக்கும் நேரத்தில் மூன்று கட்டம் நடக்கும் விரைவுத் தொழிலாளி. சிறப்புக் கட்டடமோ சிறைச்சாலை இருக்கவேண்டிய இடத்தில் எழும் கல்லறை மாடம். ஆண்டுக்கணக்கில் சிறையிருந்த காந்தியின் நாட்டில் சிறையே கட்டமுடியாதபடி செய்தது உட்பொருள் கருதியோ, கவனக்குறைவாலோ என்பதைக் கருத்தரங்கு கூட்டித்தான் முடிவுசெய்யவேண்டும்.

இனி இன்கா நாகரிகம். இதன் சிறப்புக் கட்டடம் களஞ்சியத்துக்குப் பதிலாக வரும் படிவயல், அதாவது மலைச்சரிவைப் படிபடியாக வெட்டிச் சமன்செய்த நிலம். இவ்விடத்தில்தான் இடுக்கி மாவட்டத்து வட்டவடை ஆய்வுக்குள் நுழைகிறது. கேரட்டும் உருளைக்கிழங்கும், காந்தளூரோடு சேர்ந்து 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டும் அவ்வூரில் படிவயலிலேயே விளைகின்றன. வயல் எவ்வாறு களஞ்சியம் ஆகும் என்பது வினா. பிடுங்கிய பூண்டைத் தாளோடு முடிந்து பரணில் தொங்கவிட்டு, அடுப்புப் புகை ஏறவைத்து, விதைக்கும் நாள்வரையோ விலை ஏறும் நாள்வரையோ காப்பது வழக்கமாதலின் பரணே களஞ்சியம் என்பர் வட்டவடையைச் சேர்ந்த கோவிலூர்ச் சாரார். விலை விழுந்த நாளில் கேரட்டைப் பிடுங்காமல் மண்ணிலேயே விட்டுவைப்பது உண்டாதலின் வயலே களஞ்சியம் என்பர் பழத்தோட்டச் சாரார். காட்டுமாடு நுழைவது வயல், எலி நுழைவது களஞ்சியம் என இலக்கணம் வகுத்து இருவரையும் மறுத்தனர் சிலந்தியாற்றுச் சாரார். இரண்டும் நுழைந்த இடத்துக்கு என்ன பெயர் என்று கேட்டபோது அவர்கள் தேநீர் குடிக்கப் போய்விட்டனர். முதலேடும் ஈற்றேடும் செல்லரித்து, நடுவேடுகள் அடுப்புக்குப் போய், கட்டிய கயிறு மட்டும் எஞ்சிய சுவடி ஒன்றில் இதற்குத் தெளிவான விடை இருந்ததென, அச்சுவடியைக் கண்டவரைக் கண்டவரிடம் கேட்டவர் கூறியதாக ஓர் அடிக்குறிப்பு உண்டு. அவ்வடிக்குறிப்புக்குரிய நூல் இனிமேல்தான் எழுதப்படவேண்டும்.

வாதம் எவ்வாறாயினும் பொருத்தம் பார்ப்பது எளிது. விரிவுக்குணம் உடைய தலைவர்க்குக் களஞ்சியம் இருமடங்கு விரைவில் எழும். படிவயல் களஞ்சியத்தின் இடத்தில் நிற்பதால் அதுவும் அவ்வாறே எழும். ஆகவே நிதிக்குணமும் விரிவுக்குணமும் ஒருங்கே வாய்த்த மாயர் தலைவர் பகாலை இன்காவுக்கு மணம்முடித்தால் வசியப் பொருத்தம் உத்தமம். இவ்விணையைக் கண்டு எதிராளிகள் முகஞ்சுளிப்பதே அதற்குச் சான்று. படைப்புக்குணத்தோர்க்கோ வேதை உண்டு. அக்குணம் நகர்தோறும் தரும் இரண்டு பண்பாட்டுப்புள்ளியைப் படிவயலும் தருவதால், சீரில் இரண்டு கிரைண்டர் வந்த வீடுபோல ஒன்று மூலையில் கிடக்கும். அங்கோர் வாட்டைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மனுக்கு விரிவு, படைப்பு என இரு குணமும் இருப்பதால் வசியமும் வேதையும் ஒரே சாதகத்தில் நிற்கின்றன. இத்தகைய சாதகத்துக்குச் சோதிடர் பரிகாரம் சொல்வர். ஆய்வாளர் மேலும் ஆய்வு தேவை என்பர். இரண்டுக்கும் கட்டணம் உண்டு.

2025-இல் வந்த ஏழாம் பதிப்பு கலப்பு மணத்தையே பொதுவிதி ஆக்கிவிட்டது. அதில் சோழ நாகரிகம் உண்டு, சோழ மன்னர் இல்லை. இராசேந்திரன் கடல்கடந்து செலுத்திய கப்பற்படையைக் கன்பூசியசோ பெஞ்சமின் பிராங்க்ளினோ நடத்தவேண்டும். மௌரியர் காலம் முடிந்ததும் சோழராக மாறுவதற்கும் வழி திறந்திருக்கிறது. அசோகரோ தம் இரண்டாம் பாறைக் கட்டளையில் சோழரைத் தம் எல்லைக்கு அப்பால் வாழ்வோர் என்றே குறித்தார். அதே வரிசையில் வரும் சதியபுத்திரரை அறிஞர்கள் ஊர் ஊராகக் குடியமர்த்தி வாதிட்டபின், 1981-இல் சம்பையில் கிடைத்த கல்வெட்டு அவரை அதியமான் மரபினர் எனக் காட்டிற்று. குடியமர்த்தியோர் எவரும் தம் கட்டுரையைத் திரும்பப் பெறவில்லை போலும். சோழர்க்குரிய கட்டடங்களாக அப்பதிப்பு தருவன அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும். கொல்லத்தைச் சார்ந்த 849-ஆம் ஆண்டுத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் இவை வணிகக் குழுக்கள். வயலைக் களஞ்சியமாக்கியோர்க்கு வணிகரைக் கட்டடமாக்குவது அரிதன்று.

பத்துப் பொருத்தமும் கூடிய இணையாயினும், முதற் குடியேறி இறங்கும் இடம் பாலையாகவும் பக்கத்து நாட்டான் குதிரை வைத்திருப்பவனாகவும் அமைந்துவிட்டால் ஐம்பதாம் சுற்றுக்குள் அழிவது கண்கூடு. நிலப்பொருத்தம் எனப் பதினொன்றாவதாக ஒன்று வேண்டும் என்றும், மற்றைப் பத்தும் அதன்பின் பார்த்தால் போதும் என்றும் கோவிலூரில் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தோர் உரைத்தனர். அட்டவணையில் பத்துக் கட்டங்களே வரையப்பட்டிருந்தமையால் அக்கருத்து ஈண்டுக் கொள்ளப்படவில்லை.