நாலுக்கு மூணு

விளாத்திகுளத்தில் நாங்கள் பையன்களாகத் திரிந்த காலத்தில் விளையாட்டு சீசனை யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானித்ததில்லை. ஐப்பசி மழை விழுந்துவிட்டால் கரிசல் மண் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. செருப்போடு போனவன் செருப்பில்லாமல்தான் வீடு வந்து சேருவான். கம்பும் உளுந்தும் வீடு வந்து, மண் காய்ந்து, பொங்கலும் வைத்து முடித்த பிறகுதான் கபடிக்கு ஆள் சேரும். அதிலிருந்து சித்திரைக் கொடை வரைக்கும் ஊருக்கு ஊர் ரோஸ் கலர் நோட்டீஸ், முதல் பரிசு ஆட்டுக்கிடா, கடைசி ஆட்டத்தில் தீர்ப்பு பிடிக்காதவர்கள் நடுவருடைய டி.வி.எஸ். பிப்டியில் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள், அத்தோடு சீசன் முடிந்தது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பெண்பிள்ளைகள் மொட்டைமாடியில் நின்று பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்தில் கோ-கோவில் எங்களையெல்லாம் தோற்கடித்த பிள்ளைகள்தான். சமைந்ததும் மாடிக்கு ஏறிவிட்டார்கள், அதை நாங்கள் யாரும் விசித்திரமாக நினைத்ததுகூட இல்லை.

அப்படிப்பட்ட ஊர்க்காரன் ஒருவன் 2000-களின் பின்பாதியில் தரமணியில் ஒரு கம்பெனியில் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை விடியலில் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போனால் என்ன ஆகும்? வெள்ளைத் தட்டு ஒன்று பறந்து வந்து காலடியில் விழுந்தது. எடுத்து வீசினேன், அது எனக்கே திரும்பி வருகிற மாதிரி வளைந்து போய் ஒரு நாய் மேல் விழுந்தது. 175 கிராம்தான் எடை என்றார்கள். 1968-ல் அமெரிக்காவில், நியூஜெர்சியின் மேப்பிள்வுட் ஊரில் கொலம்பியா உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகள் தொடங்கிய ஆட்டமாம், பெயர் அல்டிமேட் ஃபிரிஸ்பி. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது, கைமாற்றிக் கைமாற்றி எதிரியின் கடைசிக் கட்டத்துக்குள் நம்மாள் ஒருவர் பிடித்தால் ஒரு புள்ளி. இதெல்லாம் சரி, நடுவர் எங்கே என்று கேட்டேன். நடுவரே கிடையாது, தப்பு நடந்தால் ஆடுகிறவர்களே சொல்லிப் பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்றார்கள். எனக்கு அந்த டி.வி.எஸ். பிப்டிதான் ஞாபகம் வந்தது.

அதைவிடப் பெரிய அதிசயம், ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆடினார்கள். புல்தரை என்றால் பக்கத்துக்கு ஏழு பேர், ஆண் நாலுக்குப் பெண் மூணு. மணல் என்றால் ஐந்து பேர், மூணுக்கு ரெண்டு. கண் வைத்தியத்துக்காகச் சென்னை வந்திருந்த எங்கள் ஆச்சியை ஒருநாள் அழைத்துப்போய்க் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “ஏய்யா, ஆம்பளயும் பொம்பளயும் ஒரு தட்டுக்கு இந்த ஓட்டம் ஓடுதியளே, வீட்டுல வேற தட்டு இல்லயா?” என்று கேட்டாள்.

அந்த வருஷமே நான் ஒருங்கிணைப்பாளர் ஆகிவிட்டேன். யாரும் நியமிக்கவில்லை; ஒரு நோட்டுப் புத்தகமும் கழுத்தில் ஒரு விசிலும் வாங்கிக்கொண்டேன், பதவி தானாக வந்துவிட்டது. நடுவரில்லாத ஆட்டத்தில் விசிலுக்கு என்ன வேலை என்று கேட்கக்கூட அந்த நல்ல மனிதர்களுக்கு மனம் வரவில்லை. ஒரு சீசன் முழுக்க ஊதாமலே அதைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்த அந்த இளைஞனை இன்றைக்குப் பார்த்தால் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு டீ வாங்கிக் கொடுப்பேன்.

கலப்புப் போட்டி நடத்துவது என்றால் அன்றைக்குப் பெண்களை எண்ணுவது என்று அர்த்தம். வாட்ஸ்அப் இல்லாத காலம். சனிக்கிழமை ராத்திரி எஸ்.எம்.எஸ். போகும், வருகிறவர்கள் மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். ஆண்கள் பக்கத்தில் ஆள் ததும்பும். பெண்கள் பக்கத்தில் விரல்விட்டு எண்ணும்போதே ஒருத்திக்குப் பரீட்சை, ஒருத்திக்கு வீட்டில் விசேஷம், ஒருத்தியின் அப்பா என்னோடு பேச வேண்டும் என்கிறார். ஆட்டம் பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்காவைக்கூட விடமாட்டோம். “ஓட வேண்டாம்க்கா, சும்மா நின்னா போதும், கணக்குக்கு” என்று கெஞ்சி இறக்கிவிடுவோம். அந்த அக்காவும் நிற்பார். கையை உயர்த்தி, எதிரே யாருமில்லாமல், பிடித்தால் புள்ளி என்கிற இடத்திலேயே நிற்பார். தட்டு அவரிடம் போகாது. எங்களுக்குள்ளேயே வீசிக் கீழே போட்டுவிட்டு, “நல்ல முயற்சி” என்று ஒருவரையொருவர் தட்டிக்கொடுத்துக்கொள்வோம்.

இந்த நாடகத்தைக் கலைத்தவர்கள் பக்கத்திலிருந்த ஊரூர் ஆல்காட் குப்பத்துப் பிள்ளைகள். ‘புதியதோர்’ என்கிற அமைப்பு அங்கே நடத்திய மாலை வகுப்புகள் வழியாக ஆட்டத்துக்கு வந்தவர்கள். மணலில் நாங்கள் நடக்கிற வேகத்தில் அவர்கள் மூச்சுவிடுவார்கள், ஓடினால் கண்ணுக்குத் தெரியாது. பெண்பிள்ளைகள் சும்மா நிற்கிற வகை இல்லை. தட்டு வராவிட்டால் ஆட்டத்தை நிறுத்தி ஏன் வரவில்லை என்று கேட்கிற வகை. சென்னையின் ஃப்ளை வைல்ட் என்ற கலப்பு அணியைப் பற்றி ‘175 கிராம்ஸ்’ என்று ஒரு குறும்படம் எடுத்தார்கள், அது 2015-ல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழா வரைக்கும் போனது. அதே வருஷம்தான் உலக பறக்கும் தட்டுக் கூட்டமைப்புக்குச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அங்கீகாரமும் கொடுத்தது. எங்களுக்கென்னவோ குறும்படம்தான் பெரிய சேதியாக இருந்தது.

பெண்களுக்குத் தனிப் போட்டி வேண்டும் என்ற பேச்சு வந்தது அதற்கப்புறம்தான். கலப்பில் தட்டை எடுத்து முதலில் வீசுகிற வேலையை ஆண்களே வைத்துக்கொள்கிறார்கள், நாங்கள் மட்டுமே ஆடினால்தான் அந்தக் கை வளரும் என்றார்கள் பெண்கள். நாங்கள் மறுக்கவில்லை, ‘பரிசீலித்தோம்’. தூத்துக்குடிக் கடலில் அந்தக் காலத்து முத்துக்குளிப்புச் சலாபம் மாதிரிதான்: கடலடிப் பாரில் சிப்பி எடுத்து எண்ணிப் பார்த்து, போதும் என்று அதிகாரி சொன்னால்தான் குளிப்பு, இல்லையென்றால் அடுத்த வருஷம் பார்க்கலாம், 1961-க்குப் பிறகு அந்த அடுத்த வருஷம் வரவேயில்லை. நாங்களும் எண்ணி எண்ணித் தள்ளிப்போட்டோம். காரணமும் கைவசம் இருந்தது. இருக்கிறதே கொஞ்சம் பெண்கள். கலப்பு சீசனும் பெண்கள் சீசனும் ஒரே மாதத்தில் விழுந்தால் இரண்டுக்கும் அதே பிள்ளைகள்தான் கிழிபட வேண்டும். பிரிட்டன்காரன் வசந்தத்தில் கலப்பு, கோடையில் தனித்தனி என்று பிரித்துக்கொள்வான். நமக்கு ஏது வசந்தம்? ஐப்பசி கார்த்திகை மழைக்குப் போய்விடும், பங்குனி பரீட்சைக்கு, சித்திரை கத்திரிக்கு. மிச்சமிருக்கிற மாதங்களில் முகூர்த்தம் இல்லாத ஞாயிறு எத்தனை என்று நான் நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோதே, பெண்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சின்னக் களம் கீறி ஆடி முடித்துவிட்டார்கள். எங்களுக்குத் தண்ணீர் கேன் தூக்குகிற வேலை கொடுத்தார்கள். அன்றைக்குக் காற்று தெற்கிலிருந்து அடித்தது. என் கண்ணெதிரே, கணக்குக்கு நின்றுகொண்டிருந்த அந்த அக்கா, எதிர்காற்றில் தாழ்வாக ஒரு வீச்சு வீசினார் பாருங்கள், களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. இத்தனை நாள் அதை எங்கே வைத்திருந்தார்?

எனக்கு மனசுக்குள் கொஞ்சம் பொறாமைதான். ஆனால் என் ஏக்கமெல்லாம் வேறு விஷயங்களுக்கு. செருப்பைக் கழற்றி வைத்ததுதான் எல்லைக்கல், குதிகாலால் இழுத்ததுதான் கோடு. இருந்தது ஒரே தட்டு. அது கடலில் விழுந்துவிட்டால் ஆட்டம் நின்றுவிடும், எல்லோரும் இடுப்பில் கைவைத்து வரிசையாக நின்று பார்ப்போம். வலை இழுத்துவிட்டுத் திரும்புகிற ஃபைபர் படகுக்கார அண்ணன் யாராவது எடுத்துவந்து, “இந்தாப்பா ஒங்க தட்டு” என்று மீனோடு சேர்த்துப் போடுவார். அடுத்த அரைமணி நேரம் யார் பிடித்தாலும் கை வாளை மீன் வாசம் அடிக்கும்.

இப்போது பை நிறையத் தட்டு. கூகுள் படிவம், அட்டவணைக்கு ஒரு செயலி, ஆட்டம் முடிந்ததும் எதிரணியின் பண்புக்கு மார்க்: விதி தெரியுமா, இடித்தார்களா, நியாயமாக நடந்தார்களா, மனநிலை எப்படி, பேச்சு எப்படி என்று ஐந்து தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் நாலு வரைக்கும். ஆண்-பெண் கணக்கும் முன்போல இல்லை. முதல் புள்ளிக்கு நாலு பெண் மூணு ஆண் என்றால் அடுத்த இரண்டு புள்ளிக்கு அது தலைகீழ், அதற்கடுத்த இரண்டுக்கு மறுபடி முதல் கணக்கு. இதை எங்கள் ஊர் கபடிக் குழுவில் விளக்கியிருந்தால் என் வண்டிக் காற்றையும் பிடுங்கியிருப்பார்கள்.

இப்போது நான் விளாத்திகுளத்துக்கே திரும்பி, வீட்டிலிருந்தபடி கம்பெனி வேலையும் மிச்ச நேரத்தில் மிளகாய்த் தோட்டமும் பார்க்கிறேன். சென்னையில் படிக்கிற அக்கா மகள்தான் அவர்கள் அணியின் சீசனுக்குப் பொறுப்பு. நோட்டு இல்லை, விசில் இல்லை, பதவிப் பெயரும் இல்லை. பெண்கள் சீசனை முதலில் போட்டு, கலப்பை அதற்குப் பின்னால் தள்ளிவிட்டாள். போன வாரம் போன் பண்ணினாள்.

“மாமா, பொண்ணுங்க நெறய்ய இருக்கோம். ஆம்பளயாளுதான் கொறையுது. பாதிப்பேரு வேல மாறி பெங்களூர் போயிட்டாங்க. நீங்க வாங்களேன்.”

“என் முழங்கால் தெரியும்ல உனக்கு?”

“ஓட வேண்டாம் மாமா, சும்மா நின்னா போதும். கணக்குக்கு.”

கோவில்பட்டியில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறுவதாகச் சொல்லிவிட்டேன். தட்டு என் பக்கம் வருமா என்று கேட்டதற்குப் பரிசீலிக்கிறோம் என்கிறாள்.