தட்சிண கயிலாயத்தில் ஒரு ஸ்கீ மணிக்கூடு

திருகோணமலைக்குத் தட்சிண கயிலாயம் என்று ஒரு பெயர் உண்டு. வடக்கே உள்ள கயிலாயத்துச் சிவன் இங்கேயும் இருக்கிறார். மலை இருக்கிறது. அதைப் பெயர்க்கப் பார்த்த இராவணன் விட்டுப்போன வெட்டுக்கூட இருக்கிறது. பனி ஒன்றுதான் வந்து சேரவில்லை. இலங்கையின் உச்சியான பிதுருதலாகலையே 2,524 மீட்டர்தான். அங்கேயும் பனி பெய்வதில்லை. நுவரெலியாவில் தை மாதத்தில் புல்லின்மேல் கொஞ்சம் உறைபனி படிந்தாலே பத்திரிகையில் படம் போடுகிற நாடு இது. அப்படிப்பட்ட நாட்டில், கடல் மட்டத்துக்குச் சற்று மேலே, மின்விசிறிக்குக் கீழே இருந்துகொண்டு, ஆல்ப்ஸ் மலையில் சறுக்குவதற்கு எந்த மணிக்கூடு நல்லது என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

வெளிநாட்டில் உறவுகள் உள்ளவர்களுக்கு இது விளங்கும். காசு அங்கே, யோசனை இங்கே. பேர்ணில் இருக்கும் அக்கா சலவை இயந்திரம் மாற்றுவதென்றாலும் வட்ஸ்அப்பில் படம் அனுப்பி, "தம்பி, ஒருக்காப் பார்த்துச் சொல்லு" என்பார். சுவிஸ் பள்ளிக்கூடங்களில் குளிர்காலத்தில் பிள்ளைகளை ஒரு கிழமை மலைக்குக் கூட்டிப்போய் ஸ்கீ பழக்குவது பழைய வழக்கம். நம்மவர் பிள்ளைகளும் வகுப்போடு போகிறார்கள். தாய்மார் இங்கே இருந்தபோது கண்ட ஒரே சறுக்கல், மாரியில் கிணற்றடிப் பாசியில் நேர்ந்தது.

"பிள்ளை மணிக்கூடு கேக்கிறாள், தம்பி."

"நேரம் பார்க்கவோ அக்கா?"

"இல்லையடா, தான் எங்க நிக்கிறன் எண்டு பார்க்க."

"அவள் எங்க நிக்கிறாள் எண்டு அவளுக்குத் தெரியாதோ?"

மருமகள் போனைப் பறித்தாள். "மாமா, அது ஜிபிஎஸ். எத்தனை தரம் இறங்கினன், எவ்வளவு வேகம், எவ்வளவு உயரம் எல்லாம் சொல்லும்." விலை என்ன என்று கேட்டேன். நல்லது என்றால் எண்ணூறு, ஆயிரம் பிராங் வரை போகுமாம். மனத்துக்குள் ரூபாயாக்கிப் பார்த்தேன். மூன்று இலட்சத்தைத் தாண்டிய பிறகு நிறுத்திவிட்டேன்.

உண்மையில், மணிக்கூட்டைப் பார்த்து இடத்தை அறிவது இந்தத் துறைமுகத்துக்குப் புதிய வித்தையல்ல. பிரித்தானியக் கடற்படை 1957இல் கையளித்துவிட்டுப் போகும்வரை எத்தனையோ கப்பல்கள் இங்கே நங்கூரமிட்டன. ரேடியோ வருமுன் அவை ஒவ்வொன்றும் கிரீன்விச் நேரம் காட்டும் குரோனோமீட்டரைப் பெட்டிக்குள் பத்திரமாகக் கொண்டுதான் வந்தன. சூரியன் உச்சிக்கு வரும்போது கிரீன்விச் மணிக்கூடு என்ன சொல்கிறது என்று பார்ப்பார்கள். நான்கு நிமிட வித்தியாசத்துக்கு ஒரு பாகை நெடுங்கோடு. திருகோணமலை கிழக்கே 81 பாகை சொச்சம், அதாவது கிரீன்விச்சுக்கு ஏறத்தாழ 5 மணி 25 நிமிடம் முந்தியது. ஜிபிஎஸ்ஸும் அதே வேலையைத்தான் செய்கிறது. மணிக்கூடுதான் 20,200 கிலோமீட்டர் மேலே ஏறிவிட்டது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களில் இருந்து புறப்பட்ட நேரத்தைப் பிடித்து, தூரத்தைக் கணக்குப் போடுகிறது. நேரம் ஒரு செக்கனில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் இடம் 300 மீட்டர் தள்ளிப்போகும். திருமணத்துக்கு ஒன்றரை மணி பிந்திப் போகும் நம் வழக்கத்தில் இயங்கினால், கப்பல் சனிக்கிரகத்தைத் தாண்டி எங்கோ நிற்கும்.

செயற்கைக்கோள் என்றதும் ஆர்தர் சி. கிளார்க்கைச் சொல்லாமல் விட முடியாது. வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் தொடர்பாடல் கோள்களை வைக்கலாம் என்று 1945இலேயே எழுதிய அந்த மனிதர், 1956இல் மைக் வில்சனோடு வந்து நமது சுவாமி மலையடியில் மூழ்கினார். பழைய கோணேசர் கோவிலின் தூண்களும் கற்களும் கடலுக்கடியில் கிடப்பதைக் கண்டார்கள். (ஜிபிஎஸ் கோள்கள் அவர் சொன்ன பாதையில் நிற்பவை அல்ல, அவை நாளுக்கு இரண்டு சுற்று ஓடுபவை. இதை அக்காவுக்குச் சொன்னேன். "அப்ப எதை வாங்கிறது?" என்றார்.)

ஆய்வுக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. அக்காவின் மூத்தவன் தன்னுடைய பழைய ஸ்கீ மணிக்கூட்டை, ஊருக்கு வந்த ஒருவரின் பெட்டியில், சொக்லேட்டுக்கும் நிவியாவுக்கும் நடுவில் வைத்து அனுப்பினான். அது என்னோடு ஜேர்மன் மொழியில் கதைத்தது. அதை ஆங்கிலத்துக்கு மாற்றும் இடமும் ஜேர்மனிலேயே இருந்தபடியால் அப்படியே விட்டுவிட்டேன்.

ஸ்கீக்காரருக்கு முக்கியமானது கிடையான இடமல்ல, உயரம். ஜிபிஎஸ் உயரத்தில்தான் கொஞ்சம் நொண்டி. கோள்கள் எல்லாம் தலைக்கு மேலே. காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாததால் மேல்கீழ்க் கணக்கு தளம்பும். அதனால் நல்ல மணிக்கூட்டுக்குள் காற்றமுக்கமானி ஒன்றும் வைத்திருப்பார்கள். மேலே ஏறினால் அமுக்கம் குறையும்; கடல் மட்டத்தின் அருகே ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு எட்டு மீட்டர் அளவில். மலைக்காரருக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் கார்த்திகை மாதம் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகும் ஊரில் என்ன நடக்கும்? கட்டிலில் படுத்திருந்த என்னை இந்த மணிக்கூடு இரவோடிரவாக நாற்பது மீட்டர் தூக்கிவிட்டது. காலையில் முற்றத்தில் வெள்ளம், கையில் மலையுச்சி. மழை விட்டதும் மெல்ல மெல்ல எங்களைக் கீழே இறக்கி வைத்தது. இதற்காக அந்தக் கருவியை நான் பழிக்கமாட்டேன். அமுக்கம் சட்டென்று விழுந்தால் கீச்சென்று கத்தும் புயல் எச்சரிக்கையும் அதே உறுப்பில்தான் ஓடுகிறது. மலையில் வெண்புயல் வருமுன் கத்துவது, கடலில் வாடை கிளம்புமுன்னும் கத்தும்.

இதை நான் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தவர் திருக்கடலூரில் வள்ளம் வைத்திருக்கும் என் நண்பர். ஜிபிஎஸ் பற்றி இந்த ஊரில் கதைக்க உண்மையான தகுதி உள்ளவர்கள் அவர்கள்தான். அவரிடம் கையடக்க ஜிபிஎஸ் ஒன்று இருக்கிறது. பொலித்தீன் பைக்குள் போட்டு, வாயை முறுக்கி, ரப்பர் பட்டி இரண்டு சுற்றிக் கட்டியிருப்பார். திரையின் மேல் பொலித்தீன் வெளுத்து, உப்புப் பூத்து, எண்கள் பாதி தெரியும் பாதி தெரியாது. அதற்குள்தான் அவருடைய பார்கள் எல்லாம் இருக்கின்றன: எந்தப் பாரில் எந்த மீன் நிற்கும் என்று, தகப்பன் கரையில் உள்ள பனையையும் கோபுரத்தையும் நேர்பிடித்துக் கண்டவை. அந்தக் கருவியைக் கைமாற்றாகக் கேட்பது, வீட்டு உறுதியைக் கேட்பதற்குச் சமம்.

ஸ்கீ மணிக்கூட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதயத்துடிப்பைக் காட்டினேன், "அது அடிச்சுக்கொண்டுதானே இருக்கும்" என்றார். தூக்கத்துக்கு மதிப்பெண் போடும் என்றேன். இரவு இரண்டு மணிக்குக் கடலுக்குப் போகிற மனிதர் சிரிக்கக்கூட இல்லை. கடைசியில் ஒரே கேள்வி கேட்டார்.

"இதிலை பொத்தான் இருக்கோ, இல்லாட்டி தடவிறதோ?"

தொடுதிரையும் இருக்கிறது, ஐந்து பொத்தானும் இருக்கின்றன என்றேன்.

"அப்ப சரி. மீன் செதிலும் உப்புத்தண்ணியும் உள்ள கையாலை தடவினால் அது தன்ரை பாட்டுக்கு எங்கையோ போகும்."

நான் பேர்ணுக்கு உடனே போன் எடுத்தேன். மலையில் பிள்ளை தடித்த கையுறை போட்டிருப்பாள். திரையைத் தடவ அதைக் கழற்றினால் விரல் விறைக்கும். செதில் ஒட்டிய கைக்கு ஆகாதது கையுறைக் கைக்கும் ஆகாது. விலையுயர்ந்த ஒப்பீடுகளில் பதினேழாவது வரியில் கிடக்கும் இந்த விசயத்தை, என் நண்பர் வள்ளத்தின் விளிம்பில் இருந்துகொண்டு முதல் வரிக்குக் கொண்டுவந்தார்.

இரண்டாவது கேள்வி பற்றரி. லிதியம் பற்றரிக்குக் குளிர் ஆகாது. கொள்ளளவு சுருங்கும், பாதி இருக்கும்போதே அணைந்துபோகும். மணிக்கூட்டை ஜக்கெட்டுக்கு வெளியே கட்டினால் லிஃப்டில் இருந்தபடியே பார்க்கலாம், ஆனால் பற்றரி விறைக்கும், இதயத்துடிப்பும் கிடைக்காது. உள்ளே தோலோடு கட்டினால் உடம்புச் சூடு காப்பாற்றும், பார்ப்பதற்கு ஒவ்வொரு முறையும் கையை உரிக்கவேண்டும். ஸ்கீக்காரர் ஆளுக்காள் இதில் சண்டை. இங்கே ஒரு வேடிக்கை சொல்லவேண்டும். சாதாரண அப்பிள் வொட்ச்சுக்கு அந்த நிறுவனமே குறித்துள்ள வெப்ப எல்லை 0 முதல் 35 பாகை வரை. சுவிஸ் மலையின் மாசிக் காலைக்கும் ஆகாது, கச்சான் காற்று அடிக்கும் நமது ஆனி மத்தியானத்துக்கும் ஆகாது. அக்காவும் தம்பியும் சேர்ந்து அணியமுடியாத ஒரே பொருள். அல்ட்ரா என்ற அவர்களுடைய பெரியது கழித்தல் 20 வரை தாங்கும். அதன் விலையை அக்கா தாங்கவில்லை.

ஸ்கீ முறையை எங்கே சோதிப்பது? அதற்கு ஒரு குணம் உண்டு: கீழே இறங்கும்போது சறுக்கல் என்று எண்ணும், லிஃப்டில் ஏறும்போது தானாக நிறுத்திக்கொள்ளும். முதலில் கோணேசர் கோவிலுக்குப் போனேன். கோட்டை வாசலுக்கு உள்ளே மான்கள் மறித்தன. அர்ச்சனைத் தட்டில் இருந்த வாழைப்பழத்தை ஒரு கிழமான் உரிமையோடு எடுத்துக்கொண்டது. பின்னர் வரைபடத்தைப் பார்த்தால் அந்த இடத்தில் என் பாதை ஒரு சிக்குண்ட நூல். இதயத்துடிப்புக் கோடு மட்டும் நேராக மேலே போயிருந்தது.

அடுத்தது ஓர்ஸ் ஹில். ஏறுவதற்கு ஓட்டோ பிடித்தேன். அந்தத் தம்பி 2022இல் பெற்றோல் வரிசையில் கிடந்து பழகியவர். இறக்கம் வந்ததும் இஞ்சினை நிறுத்தி, வண்டியைச் சும்மா உருளவிட்டார். மணிக்கூடு கொஞ்சம் யோசித்துவிட்டு, முதலாவது சறுக்கல் என்று ஜேர்மனில் பதிந்தது. திரும்ப ஏறியபோது லிஃப்ட் என்று எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்தது. சுவிஸில் ஒரு நாள் லிஃப்ட் பாஸ் என்ன விலை என்று அந்தத் தம்பியிடம் நான் மூச்சு விடவில்லை.

கன்னியாவையும் விட்டுவைக்கவில்லை. ஏழு வெந்நீர்க் கிணறுகளில் மணிக்கூட்டின் வெப்பமானியைச் சோதித்தேன். கையில் கட்டியிருக்கும்வரை அது நீரையும் சொல்லாது, காற்றையும் சொல்லாது. என் தோலின் சூட்டைத்தான் கலந்து சொல்லும். கழற்றி அரை மணி நேரம் ஒதுக்குப்புறமாக வைத்தால்தான் சரியான கணக்கு வரும். ஆகவே வெப்பமானிக்காக ஒரு பிராங்கும் கூடுதலாகக் கொடுக்கவேண்டாம் என்று எழுதி அனுப்பினேன்.

விழுந்தால் தானாக அவசர அழைப்பு எடுக்கும் வசதியில் அக்காவுக்கு ஒரு கண். தாயல்லவா. 2022–23 குளிர்காலத்தில் அமெரிக்காவின் கொலராடோவில் நடந்ததை அவருக்குச் சொன்னேன். வாகன விபத்துக்காகப் போன்களிலும் மணிக்கூடுகளிலும் வைத்த அந்த வசதி, ஸ்கீக்காரர் சும்மா விழுந்து எழும்பியதையெல்லாம் விபத்தென்று எண்ணி அவசர சேவைக்கு அடித்துக்கொண்டே இருந்தது. சறுக்கியவர் உடையைத் தட்டிவிட்டு அடுத்த லிஃப்டுக்கு நிற்கிறார், அழைப்பு நிலையத்தில் ஆட்கள் ஓடித்திரிகிறார்கள். "அப்ப நிப்பாட்டிவிடுறதோ?" என்றார். வேண்டாம், அது கத்தும்போது நிறுத்தப் பிள்ளையைப் பழக்குங்கள் என்றேன்.

இன்னொன்று, பாதைகளை ஊருக்குக் காட்டும் செயலிகள். 2018 தையில் ஸ்ட்ராவாவின் உலக வரைபடத்தில், உடற்பயிற்சிக்கு ஓடிய படையினரின் தடங்கள் தூர தேசத்து முகாம்களை வெளிச்சம் போட்டுக் காட்டியது பெரிய செய்தி. கடற்படைத் தளத்தையும் கோட்டைக்குள் இராணுவத்தையும் வைத்துக்கொண்டு வாழும் ஊர்க்காரனுக்கு இதை இரண்டாம் முறை சொல்லத் தேவையில்லை. வீட்டு வாசலில் தொடங்கி வீட்டு வாசலில் முடியும் தடத்தை அப்படியே பகிரவேண்டாம் என்று மருமகளிடம் சொன்னேன். "மாமா, அதிகபட்ச வேகத்தையாவது போடலாமோ?" என்றாள். பாறைச் சுவரில் பட்டுத் தெறித்த சமிக்ஞையால் மணிக்கூடு சிலவேளை இல்லாத வேகத்தையும் எழுதும். அதனால் போடலாம், ஒருவரும் நம்பத் தேவையில்லை.

தீர்ப்பு: பொத்தான் உள்ளது, காற்றமுக்கமானி உள்ளது, பற்றரி நாள் கணக்கில் நிற்பது. கார்மினோ, பின்லாந்தின் சூன்டோவோ போலாரோ, போன வருடத்து மாதிரியாகப் பார்த்தால் பாதி விலையில் இவை மூன்றும் கிடைக்கும். மிச்சக் காசில் நல்ல தலைக்கவசம். பெரியவளாகிக் குறிபோட்ட பாதையை விட்டு வெளியே சறுக்கப் போனால், 457 கிலோஹேர்ட்ஸில் இயங்கும் பனிச்சரிவுக் கருவி தனியாக வேண்டும். எந்த மணிக்கூடும் அதற்கு ஈடாகாது. சுவிஸில் பிள்ளைகள் உள்ளவர்கள் இன்னொன்றும் செய்யுங்கள்: மலை மீட்புக்கு ஹெலிகொப்டர் அனுப்பும் ரேகாவின் இலக்கம் 1414. மணிக்கூடு வாங்கினாலும் வாங்காவிட்டாலும், பற்றரி போனாலும் நினைவில் நிற்கும்படி, அந்த நான்கு எண்ணையும் பிள்ளைக்குப் பாடமாக்கி அனுப்புங்கள்.