வெகுளியின் ஐந்தாம் நிலைக்களன்: ஜெர்மன் பலகை விளையாட்டு விழாக்களை முன்வைத்து ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் மெய்ப்பாடுகள் எட்டு, ஒவ்வொன்றும் நான்கு காரணங்களால் பிறக்கும் என்று தொல்காப்பியர் வரையறுத்துவிட்டார். அவற்றுள் வெகுளி பிறக்கும் இடங்களாகிய நிலைக்களன்கள் வருமாறு: உறுப்பை அறுத்தல் (உறுப்பறை), குடியையும் சுற்றத்தையும் நலிதல் (குடிகோள்), வைதும் அடித்தும் அலைத்தல், கொல்ல முனைதல். உரைகாரர்கள் இந்நான்கையும் விளக்கினர். ஐந்தாவது ஒன்று இருக்கக்கூடும் என்று ஐயுற்றதாகத் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களுள் ஒருவரும் அக்டோபர் மாதத்தில் ஜெர்மனியின் எஸ்ஸென் நகருக்குச் சென்றதற்குச் சான்றில்லை.

எஸ்ஸெனில் ஆண்டுதோறும் வியாழன் முதல் ஞாயிறு வரை பலகை விளையாட்டுக் கண்காட்சி நடக்கிறது. 1983இல் பொதுமக்களுக்கு வகுப்பு நடத்தும் ஒரு கல்விக்கூடத்தில் சிறிதாகத் தொடங்கியது. இன்று நகரின் பெரிய கண்காட்சி அரங்குகள் அதற்குத் தேவைப்படுகின்றன. 2019இல் வந்தவர்கள் 2,09,000 பேர். 2024இல் 2,04,000 பேர். இவர்கள் எல்லாரும் விளையாட வருகிறார்கள் என்பது பொதுக்கருத்து. பொதுக்கருத்தைப் பொய்யென்று காட்டாத ஆய்வுக்குப் பட்டம் கிடைக்காது. ஆகவே இக்கட்டுரை மேலே செல்கிறது.

2. முன்வரலாறு

மியூனிக் நகரத்து ஜோசஃப் ஃப்ரீட்ரிஷ் ஷ்மிட் என்பவர் ஓர் ஆட்டம் அமைத்து, 1914இல் பெருமளவில் விற்பனைக்கு விட்டார். நம் நாட்டுப் பச்சிசியின் வழிவந்தது, தாயத்துக்குப் பங்காளி. ஆறு விழுந்தால் காய் இறங்கும். எதிராளி அதே கட்டத்துக்கு வந்தால் காய் வெட்டுப்பட்டு வீட்டுக்குப் போகும். இவ்வளவு கொடுமையான விதிகளை வகுத்துவிட்டு, ஆட்டத்துக்கு 'மனிதா, கோபப்படாதே' என்று பெயரிட்டார். உலகப் போர் வந்தபோது படை மருத்துவமனைகளுக்கு 3,000 பெட்டிகளை இலவசமாக அனுப்பிவைத்தார். காயம்பட்டவர்கள் படுக்கையில் காய் வெட்டினார்கள். ஆட்டம் நாடெங்கும் பரவியது.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு இன்றியமையாதது. வள்ளுவர் வெகுளாமையை 31ஆம் அதிகாரத்தில் வைத்தார். சூதை 94ஆம் அதிகாரத்தில் வைத்தார். இடையே 63 அதிகாரத் தொலைவு. பகடையும் பொறுமையும் ஓரிடத்தில் தங்கா என்பதை அவர் அறிந்திருந்தார் போலும். ஷ்மிட் இரண்டையும் ஒரே அட்டைப்பெட்டிக்குள் அடைத்தார். பின்னால் நேர்ந்தவை அனைத்தும் இதன் விளைவு என்க.

3. வாயில்கள் அடைபட்டமை

பிற்காலத்து ஜெர்மன் ஆட்ட ஆசிரியர்கள், வெகுளி பிறக்கும் வாயில்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார்கள். தொல்காப்பியம் படித்துச் செய்தார்களா என்பது வேறு ஆய்வுக்கு உரியது.

கொலை நீங்கியது: ஜெர்மன் பாணி ஆட்டங்களில் எவரையும் பாதியில் வெளியேற்றும் வழக்கம் அரிது, தோற்பவரும் கடைசிப் புள்ளி எண்ணும் வரை மேசையில் மரியாதையாக அமர்ந்திருக்கிறார். உறுப்பறை நீங்கியது: 2001இல் ஜெர்மனியின் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருதைப் பெற்ற 'கார்க்கஸோன்' ஆட்டத்தில், வைத்த காய் புள்ளியைச் சம்பாதித்துக்கொண்டு உரியவர் கைக்கே திரும்பிவிடுகிறது. குடிகோள் நீங்கியது: 1995இல் அவ்விருது பெற்ற 'கட்டான்' ஆட்டத்தில், ஒருவர் கட்டிய குடியிருப்பை இன்னொருவர் இடிக்க முடியாது.

எஞ்சியது அலைத்தல். கட்டானில் இரு பகடைகளின் கூட்டுத்தொகை ஏழு வந்தால், கையில் ஏழு சீட்டுக்கு மேல் வைத்திருப்பவர் பாதியை இழப்பார். பகடை உருட்டியவர் கொள்ளையனை நகர்த்தி அடுத்தவரிடம் ஒரு சீட்டு பறிப்பார். பகடைகள் விழக்கூடிய 36 வகைகளில் ஏழு விழும் வகை ஆறு. ஆறு முறைக்கு ஒருமுறை யாரோ ஒருவர் பல்லைக் கடிக்கிறார் என்று கொள்ளலாம். ஆட்டத்தை உருவாக்கிய கிளவுஸ் டாய்பர் தொழிலால் பல் தொழில்நுட்பராக இருந்தவர் என்பது தற்செயல் என்பார்கள் அறியாதார்.

ஆக மூன்று வாயில்கள் சாத்தப்பட்டன; நான்காவது ஒருக்களித்து வைக்கப்பட்டது. வெகுளி எங்கே போகும்?

4. கருதுகோள்

ஆற்றலைப் போலவே வெகுளிக்கும் அழிவில்லை. அது இடம் மட்டுமே மாறும். பலகையிலிருந்து விரட்டப்பட்ட வெகுளி நாற்காலியில் ஏறிக்கொண்டது.

5. களத் தரவுகள்

எஸ்ஸெனில் வியாழன் காலை கதவு திறக்கிறது. பதிப்பகங்கள் தத்தம் கூடத்தில் மேசை போட்டுப் புதிய ஆட்டங்களை விரித்து வைத்திருக்கின்றன. ஒவ்வொரு மேசையிலும் விதி விளக்க ஓர் ஆள் நிற்கிறார். உட்கார்ந்தால் ஆடலாம். உட்கார முடியாது, ஏற்கெனவே நால்வர் உட்கார்ந்திருக்கிறார்கள். புதிதாக வருபவர் என்ன செய்வார்? கல்யாணப் பந்தியில் சாப்பிடுபவரின் முதுகுக்குப் பின்னால் நின்று, அவர் இலையில் மோர் விழுந்துவிட்டதா என்று பார்ப்பவரைப் போல நிற்பார். இங்கே மோருக்கு நிகர் புள்ளிக் கணக்கு. கணக்கெடுக்கத் தொடங்கியதும் பின்னால் நிற்பவர் நாற்காலி முதுகில் கை வைப்பார். கை வைப்பது உரிமை கோரல். அந்நேரம் பார்த்து, உட்கார்ந்திருப்பவர் முகம் மலர்ந்து "இன்னொரு ஆட்டம் போடலாமா?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். வெகுளியின் ஐந்தாம் நிலைக்களன் இதுவே.

தரவரிசையும் இதற்கு எண்ணெய் வார்க்கிறது. 'ஃபேர்பிளே' என்னும் இதழ் பார்வையாளர்களிடம் மதிப்பெண் வாங்கி, கண்காட்சி நடக்கும்போதே பட்டியல் காட்டும். பட்டியலில் ஏறிய ஆட்டத்தின் நாற்காலிக்குப் பின்னால் கூட்டம் தடிக்கும். நல்ல ஆட்டம் என்பது உட்கார இடம் கிடைக்காத ஆட்டம் என்ற இலக்கணம் இவ்வாறு பிறக்கிறது.

நாட்டின் பிற விழாக்களில் இம்மெய்ப்பாடு திரிந்து வழங்குகிறது. நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சி 1950 முதல் நடப்பது, குளிர்காலத்தில் கூடும், வணிகர்களுக்கு மட்டுமே அனுமதி. அங்கே பொதுமக்கள் நாற்காலிக்காகச் சினக்க வழியில்லை. கதவுக்காகவே சினக்க வேண்டும். கோட்டிங்கனில் 1980களிலிருந்து ஆட்ட ஆசிரியர்கள் ஆண்டுதோறும் கூடுகிறார்கள். கையால் வெட்டி ஒட்டிய மாதிரிகளை மேசையில் பரப்பிப் பதிப்பாசிரியர்களை எதிர்நோக்குகிறார்கள். அங்கே எதிர் நாற்காலி காலியாக இருப்பதுதான் துன்பம். இதை எதிர்மறை வெகுளி எனலாம்.

ஆசிரியர் வெகுளிக்கு எழுத்துச் சான்றும் உண்டு. 1988இல் சில ஆட்ட ஆசிரியர்கள், பெட்டியின் மேல் எங்கள் பெயர் போடாவிட்டால் பதிப்பகத்துக்கு ஆட்டம் தரமாட்டோம் என்று பீர் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டையில் எழுதிக் கையொப்பமிட்டார்கள். கல்வெட்டு, செப்பேடு, ஓலை ஆகியவற்றின் வரிசையில் பீரட்டையைச் சேர்க்கத் தொல்லியலார் தயங்கலாகாது. எத்தனையோ செப்பேடுகள் சாதிக்காததை அது சாதித்தது: இன்று ஆசிரியர் பெயர் பெட்டி முகப்பிலேயே இருக்கிறது.

6. கட்டுப்பாட்டுச் சோதனை

அறிவியல் ஆய்வுக்குக் கட்டுப்பாட்டுச் சோதனை வேண்டும். அதை 2020 இலவசமாகத் தந்தது. அவ்வாண்டு பெருந்தொற்றால் எஸ்ஸென் விழா இணையத்துக்குப் போயிற்று. அவரவர்க்கு அவரவர் வீட்டு நாற்காலி. முதுகுக்குப் பின்னால் எவரும் இல்லை. எவ்வளவு நேரமும் உட்காரலாம். வெகுளிக்கு இடமே இல்லாத விழா. அடுத்த ஆண்டே மக்கள் அரங்குக்குத் திரும்பினார்கள். நாற்காலி கிடைப்பதுதான் நோக்கம் என்றால் எதற்குத் திரும்ப வேண்டும்? ஆகவே அவர்கள் தேடுவது நாற்காலியை அன்று, நாற்காலி கிடைக்காமையை என்பது பெறப்படும்.

7. மறுப்பும் விடையும்

"ஆட்டத்தை விலைக்கு வாங்கி வீட்டில் ஆடலாமே?" என்று மறுப்பார் சிலர். வாங்குகிறார்கள், சக்கரப் பை நிறைய வாங்குகிறார்கள். ஆனால் வீட்டில் நான்கு நாற்காலி இருக்கிறது, உட்கார நான்கு பேர் இல்லை. பெட்டி கண்ணாடித் தாள் பிரிபடாமல் அலமாரியில் கன்னி கழியாது நிற்கிறது. விழாவில் ஆள் மிகுதி, இருக்கை குறைவு. வீட்டில் இருக்கை மிகுதி, ஆள் குறைவு. இரண்டும் சமமாகும் இடம் உலகில் எங்கும் இதுவரை கண்டறியப்படவில்லை.

"முன்பின் அறியாதவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து, மொழி புரியாமலே சிரித்து ஆடுகிறார்களே, அது உவகை அல்லவா?" என்பாரும் உளர். உண்மைதான். அது உட்கார்ந்தவரின் மெய்ப்பாடு. இவ்வாய்வு நின்றவரைப் பற்றியது. நின்றவரே ஒரு மணி நேரம் கழித்து உட்காருகிறார். உட்கார்ந்த கணத்தில் வெகுளி உவகையாகிறது. பின்னால் புதிதாக ஒருவர் வந்து நிற்கிறார்.

8. பரிந்துரைகள்

அ) தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் நூற்பாவைத் திருத்த வேண்டியதில்லை, அடுத்த பதிப்பின் உரையில் நாற்காலிக்கு ஒரு வரி ஒதுக்கினால் போதும்.

ஆ) ஆய்வைத் தொடர ஆய்வாளருக்கு நல்கை வழங்கப்பட வேண்டும், நல்கையில் மடக்கு நாற்காலி ஒன்றும் அடங்க வேண்டும்.

இ) மேசைக்கு நான்கு நாற்காலியை ஐந்தாக்கினால் சிக்கல் தீரும் என்ற யோசனை பரிசீலிக்கப்பட்டுத் தள்ளுபடி செய்யப்படுகிறது. ஐந்தாக்கினால் பின்னால் நிற்போரும் ஐவராவர்.