‘ஒருமுறை பார்க்கலாம்’ என்னும் வாசகத்தின் மீது ஓர் ஆராய்ச்சி

சாஸ்திரங்கள் பலவற்றிற்கும் பாஷ்யம் கண்ட இந்நாட்டில், அருங்காட்சியகங்களைக் கண்டு மீண்டோர் இணையத்தில் எழுதிவைக்கும் விமர்சனங்களுக்கு மட்டும் இதுகாறும் ஓர் உரையாசிரியரும் தோன்றாதது பெருங்குறையே என்று கருதி, சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைப் பற்றிய அத்தகைய வாசகங்களைப் பல இரவுகள் கண்விழித்துப் படித்த அடியேன், அக்குறையைச் சக்திக்கு இயன்றவரை போக்கத் துணிந்தேன்.

இவ்விலக்கியம் தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் மூன்றனுள் அடங்கிவிடுகிறது. முதற்பொருளாவது நிலமும் பொழுதும். ஈண்டு நிலமென்பது வண்டி நிறுத்துமிடம், பொழுதென்பது சீட்டுக் கொடுக்கும் நேரம். கழிப்பறை, குடிநீர், மின்விசிறி, மரநிழல் ஆகியன கருப்பொருள். உரிப்பொருளுள் ‘பராமரிப்புப் போதாது’ என்பது இரங்கல். மனைவி மக்கள் கட்டிடந்தோறும் ஏறி இறங்கி வருமளவும் மரத்தடியில் பைக்கும் செருப்புக்கும் காவலிருந்த குடும்பத் தலைவர், ‘காற்று நன்றாக வருகிறது’ என்று எழுதுவது இருத்தல். அவர் வாக்கில் பொய்யில்லை. விடுமுறை நாளிற் சென்று, பூட்டிய வாயிலைக் கண்டு திரும்பி, உள்ளிருக்கும் தூசியைக்கூடக் காணாமலே ஒற்றை நட்சத்திரம் அளிப்பது ஊடல். புணர்தலுக்கு இங்கே இடமில்லை.

இனி, நம் ஆராய்ச்சிக்கு உயிர்நிலையாகிய ‘ஒருமுறை பார்க்கலாம்’ என்னும் வாசகத்தை நோக்குவோம். ஒருமுறை என்றது மறுமுறையை விலக்கிற்று. ‘பார்க்க வேண்டும்’ என்னாது ‘பார்க்கலாம்’ என்றமையால், பாராதொழியினும் தோஷமில்லை என்பது குறிப்பாற் பெறப்பட்டது. எழுவாயும் செயப்படுபொருளும் தொக்கு நின்றன. அங்ஙனம் தொக்கு நின்ற செயப்படுபொருளுக்குள்ளேதான் திருவாலங்காட்டு நடராஜரும், திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும், அமராவதிச் சிற்பங்களும், ஆதிச்சநல்லூர்த் தாழிகளும் ஒருங்கே அடங்கிக் கிடக்கின்றன என்பதை எண்ணுங்கால், தமிழ்த் தொகையிலக்கணத்தின் கொள்ளளவு மெய்சிலிர்க்க வைக்கிறது. திமிங்கிலத்தின் எலும்புக்கூடு ஒன்றே பெயர் சுட்டப்படும் பேறு பெற்றுள்ளது. உருவம் பெரிதானால் வேற்றுமை உருபு தானே வந்து ஒட்டிக்கொள்ளும் போலும். ‘சூப்பர்’ என்பது உரிச்சொல்லா இடைச்சொல்லா என்று வினவுவார்க்கு, பொருளுணர்த்தாது நிற்றலின் அது அசைநிலை என்று விடைகூறி மேற்செல்வோம்.

இவ்வழக்கம் கைபேசியோடு பிறந்ததென்று மயங்கற்க. 1851-ஆம் ஆண்டில், எட்வர்டு பால்பர் என்னும் ராணுவ மருத்துவரின் பொறுப்பில், கல்லூரிச் சாலையிலிருந்த கல்லூரிக் கட்டிடத்தில் தொடங்கப்பெற்று, பின்னர் பாந்தியன் சாலையில் குடியேறிய இவ்வருங்காட்சியகத்திற்குச் சென்னைவாசிகள் அக்காலத்திலேயே தங்கள் விமர்சனத்தை வழங்கிவிட்டனர். பால்பர் 1855-இல் இவ்வளாகத்திலேயே விலங்குக் காட்சிச்சாலை ஒன்றையும் தொடங்க, அது பிற்பாடு பீப்பிள்ஸ் பார்க்கிற்குப் பெயர்ந்து போயிற்று. உயிருள்ளவை உலவிய அவ்விடம் ‘உயிர் காலேஜ்’ ஆயிற்று. பதம்செய்த பறவைகளும் பாடம்செய்த விலங்குகளும் நின்ற இவ்விடம் ‘செத்த காலேஜ்’ ஆயிற்று. கல்லூரிக் கட்டிடத்தில் பிறந்ததால் காலேஜ் என்ற பெயர் ஒட்டியதென்பர். பொருளின் தன்மை, காண்போன் மனநிலை, நிறுவனத்தின் பூர்விகம் ஆகிய மூன்றையும், நட்சத்திரம் ஒன்றேனும் செலவழியாமல், இரண்டே சொல்லில் உரைத்த அப்பெயரறியாப் பெரியோனுக்கு நிகரான விமர்சகன் பின்னர்த் தோன்றவில்லை என்பது அடியேனின் துணிபு.

இக்கட்டுரையைப் படித்து எழும்பூருக்குப் புறப்பட எண்ணும் அன்பர்கள், ஊடலுக்கு இடங்கொடாதபடி ஒன்றை மட்டும் நினைவிற் கொள்க: வெள்ளிக்கிழமை விடுமுறை.