108-க்கு வழி எது?

மருத்துவக் கல்லூரியே எங்கள் ஊரில் இருக்கிறது. ஆனால், ஆம்புலன்ஸில் முதலுதவி செய்யும் 'ஈ.எம்.டி.' வேலைக்குக் குறுகிய காலப் பயிற்சி கேட்டால் எல்லோரும் சென்னையைக் கை காட்டுகிறார்களே?
— வாசகர், ஏனாத்தூர்

காஞ்சிக்காரர் கேட்கிற கேள்வியா இது! 108 திவ்ய தேசங்களில் 14 உங்கள் ஊரிலேயே. மிச்சத்துக்கு பஸ் ஏறத்தானே செய்கிறீர்கள்?

2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் ஓடத் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவையில், ஆளைத் தேர்வு செய்த பிறகுதான் பயிற்சியே. ஏறத்தாழ 50 நாள். நர்சிங், டி.எம்.எல்.டி. மட்டுமல்ல, பி.எஸ்சி. விலங்கியல் படித்தவர்களையும் எடுப்பதுண்டு. (தவளை அறுத்தது வீண்போகவில்லை.) ஆள்சேர்ப்பு முகாம் செய்தி நாளிதழில் ஒரு மூலையில் வரும். சினிமாப் பக்கத்துக்குப் போகும் வழியில் அதையும் பாருங்கள்.

பணம் கட்டினால் சான்றிதழ் தருகிறேன் என்கிறது ஒரு தனியார் சென்டர். சேரலாமா?

பட்டமே வேண்டுமென்றால் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் விபத்து, அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்துக்கு பி.எஸ்சி. இருக்கிறது. சென்டர்தான் என்றால், பணம் கட்டுமுன் ஒன்று கேளுங்கள்: "எத்தனை நாள் ஆம்புலன்ஸில் ஏற்றுவீர்கள்?" பதிலுக்கு ஏ.சி. வகுப்பறையைச் சுற்றிக்காட்டினால், கொஞ்ச நேரம் குளுகுளுவென்று உட்கார்ந்துவிட்டு வந்துவிடுங்கள்.